மூக்குக் குத்திய கை

பிச்சை,

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதம் ‘சிரஞ்சீவி மகனுக்கு’ என்று தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. குப்பை மேட்டிலிருந்து உன்னை எடுத்து வந்த அன்று வைத்த பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். அது ஆண்பிள்ளைக்கும் வைக்கிற பெயர், பெண்பிள்ளைக்கும் வைக்கிற பெயர். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். எனக்கு யாரும் பலகை வாங்கித் தந்து எழுதச் சொல்லித் தரவில்லை. டிராம் வண்டியின் நெற்றிப் பலகையையும் குளக்கரைக் கடைகளின் பெயர்களையும் பார்த்துப் பார்த்து நானே எழுத்துக் கூட்டினவள். அதனால் நிறுத்தி நிதானமாகப் படி. கடைசி வரை படித்து, அதில் சொன்னபடி செய்த பிறகு சித்தப்பா கையில் கிடைத்தால் அவரும் படிக்கட்டும். அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இதிலும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வந்திருக்கிற அத்தனை பேரும் கூடி நின்று படித்தாலும் ஒரு வரியை மாற்றமாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் முண்டகக்கண்ணியம்மன் சந்நிதியில் உன் மூக்குத்தியைக் கழற்றுவதாகப் பேச்சு. கழற்றிய பொன்னைத் தியாகராய நகரில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றைக்கே பொன்னுருக்கில் தாலிப் பொன்னோடு சேர்த்து உருக்குவதாகவும் பேச்சு. வேண்டுதல் பொன் தாலியில் சேர வேண்டும் என்பது நம் வகையறா வழக்கம், அதை நான் மறுக்கவில்லை. மூக்குக் குத்திய கைதான் கழற்ற வேண்டும், கழற்றும்போது ‘தாயே, இது ஆண்பிள்ளை, இனிமேல் என்னுடையது’ என்று அந்தக் கைக்காரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம்தான். குத்திய கை என்னுடையது. அந்தக் கை வராது. அந்த வாயும் திறக்காது. நான் விதவை என்பதால் மஞ்சள் இடிக்கக் கூப்பிடவில்லை, பந்தக்கால் நடக் கூப்பிடவில்லை, மாப்பிள்ளை வீடு என்று உன்னை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு என்னை மயிலாப்பூரிலேயே விட்டார்கள். தாலியைத் தொடக்கூடாத கை, மூக்குத்தியைக் கழற்ற மட்டும் வேண்டுமாம். அந்த மனத்தாங்கல் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் மறுப்பது அதற்காக அல்ல. நீ சித்தப்பாவிடம் ‘சரி’ என்று சொல்லியிருக்கிறாய். அந்தச் சரியை நான் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஆண். மூத்தது தவழத் தொடங்கியதும் போயிற்று. அடுத்தது முகம் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டதும் போயிற்று. இந்த வீட்டு ஆண்பிள்ளை மேல் எமனுக்குக் கண் என்று தெருவே சொன்னது. நீ பிறந்ததும் மருத்துவச்சி வாயைத் திறப்பதற்குள் “பொண்ணுன்னு சொல்லு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் வாசலில் நின்றவர்களிடம் அப்படியே சொன்னாள். பிறகு உன்னை ஒரு முறத்தில் வைத்துச் சந்து முனைக் குப்பை மேட்டில் கிடத்தினோம். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ரபியாம்மாதான், அப்போது புதிதாக வளையல் கூடை தூக்கத் தொடங்கியிருந்தவள், உன்னைப் பார்க்கிற மாதிரி வந்து நின்றாள்.

“யாருதுமே இந்தப் புள்ள? குப்பையில கெடக்குது!” என்று எமனுக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“எனக்குத் தெரியாது. நீதான பாத்த, உன்துதான்” என்றேன்.

“எனுக்கு எதுக்குமே? பொட்டப் புள்ள. ஒரு மொறம் தவிடு குடுத்துட்டு எடுத்துக்கினு போ.”

தவிட்டைக் கொட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “மூக்கும் முழியுமா எவ்ளோ லட்சணமா கீது, இவ்ளோதானா? இன்னும் போடு” என்று பேரம் பேசினாள். அழுது வீங்கிய முகத்தோடு நான் சிரித்தேன். உன் நைனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மூக்குக் குத்துவதற்குப் பொன் கம்பியைச் சீவி எடுத்து வந்தார். மயிலாப்பூரில் பாதி பேருக்குக் காது குத்திய கை அது. உன் மூக்கருகே வந்ததும் பின்வாங்கியது. கம்பியை வாங்கி நான்தான் குத்தினேன். நீ ஒரு முறை வீறிட்டு அடங்கினாய். எமன் கேட்டான், நம்பினான், போய்விட்டான். இன்றைக்கு நீ இருக்கிறாய். அன்றைக்கு நாங்கள் சொன்னதை எமன் மட்டும் கேட்கவில்லை போலிருக்கிறது. நீயும் கேட்டிருக்கிறாய்.

இதைத்தான் எல்லாரும் என் தப்பு என்கிறார்கள். பெண் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததால் பிள்ளை இப்படியாயிற்று என்று உன் சித்தி என் காதுபடவே சொன்னாள். கடிதம் எழுதும் தாய் தன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தால் அவளும் நீயும் ஏமாந்து போவீர்கள். இந்த ஊரில் வேண்டுதலுக்காகப் பாவாடை கட்டி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பாவாடையை அவிழ்த்த அன்றே அதை மறந்துவிட்டுக் கோலி விளையாடப் போனார்கள். உனக்கும் எல்லாரையும் போல ஒரு நல்ல நாள் பார்த்து வேட்டி கட்டினோம். நீ அன்று முழுதும் மூலையில் உட்கார்ந்து மூக்குத்தியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாய். சந்துப் பிள்ளைகள் “மூக்காயி, மூக்காயி, உம் புருசன் எங்கடி?” என்று கத்தினால் மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடும். நீ நின்று, “இன்னும் பொறக்கலடா, பொறந்ததும் மொதல்ல உன்னாண்டதான் சொல்லுவேன்” என்றாய். கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது என்னால் வந்த குணம் இல்லை. உன்னோடு வந்தது.

உன் நைனா போனபோது நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பதினாறாம் நாள் காரியத்தில் என் தோட்டைக் கழற்றினார்கள். மூக்குத்தி மட்டும் வரவில்லை. எண்ணெயும் மஞ்சளும் இறுகித் திருகு பிடித்துக்கொண்டது. உன் சித்தி திருகித் திருகிப் பார்த்தாள், ரத்தம் வந்தது. “வரலன்னா வுடு, கத்திரி எட்தா” என்றார் சித்தப்பா. உன் நைனாவின் பட்டறையிலிருந்தே தகடு வெட்டும் கத்திரியை எடுத்து வந்து, உன் நைனா செய்த மூக்குத்தியை வெட்டி எடுத்தார்கள். நான் சத்தம் போடவில்லை. நீ பட்டறை வாசலில் நின்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பொன் சித்தப்பா வீட்டுக்குப் போய் அவர் மகளின் வளையலில் சேர்ந்துவிட்டது. அவள் வந்து எனக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்க்கிறேன். நகையைக் கழற்றினால் ஒரு மனுஷியை எப்படிக் கழற்றிப் போட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருத்தி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் கண்ணாடியைத் தேடவில்லை. அதைச் சமையல் அறையில் உன் உயரத்துக்கு மாட்டி வைத்தேன்.

அந்தக் கண்ணாடி முன்னால்தான் ஒரு மத்தியானம் உன்னைப் பார்த்தேன். நான் கோயிலுக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். நீ செம்புக் கம்பியில் செய்த தோடு ஒரு ஜோடி போட்டுக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாய். கல் கிடையாது, அச்சு கிடையாது, யாருக்கும் விற்கிற சரக்கு கிடையாது. ஏழு சின்ன வட்டங்களை ஒன்றோடொன்று பற்ற வைத்திருந்தாய். கண்ணாடியில் என்னைக் கண்டதும் உன் முகம் வெளுத்தது. கை காதுக்குப் போயிற்று. நான் அருகில் வந்து பார்த்தேன்.

“எடது பக்கம் தாழ்ந்து கீது” என்றேன்.

நீ கையை மெல்ல இறக்கினாய். பிறகு, “எவ்ளோம்மா?” என்றாய்.

“ஒரு நெல்லளவு.”

நீ அங்கேயே உட்கார்ந்து குறடால் வளைத்துச் சரி செய்தாய். நான் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் நம் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. தெருக்காரிகள் கேட்டால் விதவை வீடு, வெயில் ஆகாது என்று சொன்னேன். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நீ என்னென்னவோ செய்தாய். தோளுக்கு வங்கி செய்தாய், நெற்றிச்சுட்டி செய்தாய், பிடிக்காமல் அழித்து மறுபடி செய்தாய். கடைக்குக் கொடுக்கிற நகையை அவர்கள் கேட்ட அளவில் செய்வாய். உனக்குச் செய்கிறபோது மட்டும் கண்ணை மூடிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கம்பியை எடுப்பாய். ஒருநாள் எதற்கு என்று கேட்டதற்கு, “யாருக்குப் போடறோம்னு ஒரு தபா பாத்துக்கறேம்மா” என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. மீதி புரிய வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை.

மூக்கு வளர வளர, நைனா போட்ட வளையம் சிறியதாயிற்று. நீயே புதிது செய்து மாற்றிக்கொண்டாய். கடைசியாகச் செய்ததுதான் இப்போது இருப்பது, ஒரு முல்லை மொட்டு. விரிவதற்கு முந்தின நேரத்து மொட்டு. சிவப்புக் கல் ஒன்று வைத்தால் எடுப்பாக இருக்குமே என்றேன். “கல்லு வச்சா எல்லாரும் கல்லத்தான் பாப்பாங்க” என்றாய். அதற்குப் பிறகு கொலுசு செய்தாய். மணியில்லாத கொலுசு. கணுக்காலுக்கு மேலே ஏற்றி வேட்டிக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டாய். அதைப் போட்டுக்கொண்டு கடைத் தெருவுக்குப் போனாய், சித்தப்பா வீட்டுக்குப் போனாய், யார் காதுக்கும் எதுவும் கேட்கவில்லை. ஊர்ப் பையன்களெல்லாம் குடுமியை எடுத்து கிராப்பு வைத்தபோது நீ மட்டும் முடியை வெட்டவில்லை. “நம்ம பிச்சை ஆசாரத்த வுடலியே!” என்று சித்தப்பா பெருமைப்பட்டார். அவர் போனதும் நீயும் நானும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்தது. பிச்சை, அந்தச் சிரிப்பை நினைத்துப் பார். அதைச் சிரித்த ஆள்தான் சரி என்று சொன்னதா?

கல்யாணப் பேச்சு வந்ததும் நீ மறுப்பாய் என்று காத்திருந்தேன். நீ மறுக்கவில்லை. சைதாப்பேட்டையில் மாமன் வீட்டில் வளர்கிற பெண், தாய் தகப்பன் இல்லாதவள். பார்க்கப் போனபோது அவள் உன் மூக்குத்தியை முறைக்கவில்லை, சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து, “யாரு செஞ்சது அத்த? எனக்கு ஒண்ணு செஞ்சு தருவாங்களா?” என்று குனிந்த தலையோடு கேட்டாள். நல்ல பெண். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. உன் மூக்கிலிருந்து எடுத்ததை உருக்கி அவள் கழுத்தில் கட்டப் போகிறார்கள். அவளுக்கு அது தெரியாது. அந்தக் கழுத்து எதைச் சுமக்கிறது என்று தெரியாமலே சுமக்கும்.

சித்தப்பாவின் வீட்டையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏரியை மூடி மனை போட்டபோதே நான் சொன்னேன். தண்ணீர் இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் கீழே போய்க் காத்திருக்கும், அவ்வளவுதான். மழை பெய்தால் அந்தக் கிணறு கையால் மொள்ளுகிற உயரத்துக்கு வந்து நிற்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. பூசப் பூச அது மறுபடி ஏறுகிறது. உன்னை அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்தாய். மாப்பிள்ளைக் களை என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு உன் கண்ணின் கீழ்க் கருமைதான் தெரிந்தது. முற்றத்தில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தேன். நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு கேட்டாய்:

“யம்மா, மூக்குத்திய எடுத்துட்டா ஓட்ட எத்தினி நாள்ல மூடும்?”

“ஏன் கேக்கற?”

“சும்மாத்தாம்மா.”

என் கை நின்றுவிட்டது. நீ கவனித்தாயோ என்னவோ. கை நின்றதற்குக் காரணம் உனக்குத் தெரியாது. அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் இந்தச் சந்துக்கு மருமகளாக வந்த புதிதில், பின்தெருவில் சுண்ணாம்பு விற்கிறவர் வீட்டில் மூக்கன் என்று ஒருவன் இருந்தான். உன்னைப் போலவே குப்பையில் போட்டு எடுத்து, மூக்குக் குத்தி வளர்த்த பிள்ளை. வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு சுமப்பான், பார்க்க முரடன். ஆனால் மூக்கில் அந்த வளையம் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கிளிஞ்சல் பொறுக்கும்போது கிடைக்கிற சின்னச் சின்னச் சங்குகளைக் கோத்துக் கையில் கட்டிக்கொள்வான். பொம்பளை மாதிரி என்று அவன் அப்பன் அறுத்து எறிவான். மறுநாள் வேறொன்று கட்டியிருப்பான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மன் கோயிலில் அவன் அம்மா மூக்கு வளையத்தைக் கழற்றினாள். ஊரே கூடி நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். அவன் தலையை ஆட்டாமல், கண்ணை மூடாமல், சரி சரி என்று நின்றான். உன்னைப் போல.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அவன் கையில் சங்கு கட்டவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். எல்லாரும் பையன் திருந்திவிட்டான் என்றார்கள். அவன் அம்மா மட்டும் ஒருநாள் குளத்துப் படியில் என்னிடம் சொன்னாள். மருமகள் அந்தப் பக்கம் போனதும் அவன் அவளிடம் வந்து முகத்தை நீட்டுவானாம். “ஓட்ட இன்னும் கீதா பாரும்மா” என்பானாம். இருக்கிறது என்றால் போய்விடுவானாம். அவளுக்குச் சிரிப்பு வருமாம். ஒருநாள் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “தூந்து போச்சுடா நைனா, சுத்தமா தெரியல, ஜம்முனு கீற” என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சாந்தோம் கடற்கரைக்குப் போனான். பட்டப்பகலில், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்தானாம். குளிக்கிறான் என்று நினைத்தார்களாம்.

மூக்குத்தியைக் கழற்றியதால் எமன் அடையாளம் கண்டு வந்துவிட்டான் என்று ஊர் சொன்னது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அன்றைக்கே நம்பவில்லை. அவனைத் தேடி யாரும் வரவில்லை. அவன்தான் போனான். இது அவன் அம்மாவுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை நான் அவள் வாயால் ஒரு முறை கேட்டேன். இப்போது உன் வாயால் கேட்டுவிட்டேன். என் காதுக்கு இது போதும்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் வழிந்ததைத் துடைக்கிற சாக்கில் உன் மூக்குக்குள் விரலை விட்டுத் திருகைத் தொட்டுப் பார்த்தேன். திருகு சுழலவில்லை. தண்டின் முனையைக் குறடால் நசுக்கி வைத்திருக்கிறாய். நீயே செய்தது, உன் கை அழுத்தம் எனக்குத் தெரியும். இனி அதை யாரும் திருகி எடுக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாயால் சரி என்று சொல்லிவிட்டுக் கையால் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாய். நான் உன் கையைத்தான் நம்புகிறேன். அது எப்போதும் உன் வாயைவிட நேர்மையானது. ஆனால் பிச்சை, பட்டறை வாசலில் நின்று பார்த்தாயே, வெட்ட வேண்டும் என்றால் இவர்கள் வெட்டுவார்கள்.

திங்கட்கிழமை ஆள் விட்டு, கை வராது என்று சொல்லியனுப்பினேன். நேற்றுச் சித்தப்பா வந்தார். உள்ளே நுழையும்போதே குரல் உயர்ந்திருந்தது.

“இன்னா அண்ணி, ஊரெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சி. இப்பப் போயி கை வராதுன்றீங்க?”

“கைதான வராது. காலு வரும். வந்து சாமி கும்பிட்டுட்டுப் போறேன்.”

“வெளையாடாதீங்க. மூக்குல பொன்னு தொங்கிக்கினு மணையில குந்தினா பொண்ணு வூட்டுக்காரன் சிரிக்கமாட்டான்?”

“உங்க காதுல செவப்புக் கல்லு தொங்கிக்கினு கீதே, யாரு சிரிச்சா?”

“இது கடுக்கன்! ஆம்பள போடறது.”

“காதுலேர்ந்து மூக்கு நாலு வெரக்கட தூரம். அதுக்குள்ள ஆம்பள பொம்பளையா பூட்றானா?”

வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த ரபியாம்மா சிரித்துவிட்டாள். அவருக்கு முகம் சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, நல்லவர் போல, “கண்ணாலம் ஆனா எல்லாம் செரியாப் பூடும் அண்ணி” என்றார்.

“மூக்கனுக்குச் செரியாப் போச்சே, அந்த மாதிரியா?”

 மூக்கன் அவரோடு குளத்தில் நீச்சல் பழகினவன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “நீங்க வராங்காட்டியும் பரவால்ல. கத்திரி கீது” என்றார்.

“தெரியும். என் மூக்குல வச்சதுதான.”

நான் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் போய்விட்டார். இந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் அவர் போனது இதுதான் முதல் தடவை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். உன் மேல் அவருக்குப் பாசம் உண்டு. பாசத்தோடுதான் கத்திரியை எடுப்பார். அதனால்தான் அவர் கையைத் தடுப்பது கஷ்டம்.

இனி நான் சொல்வதைக் கேள். நாளைக்கு வியாழக்கிழமை, பெண்டுகளுக்கு வளையல் போட ரபியாம்மா அங்கே வருவாள். இதை அவள்தான் உன் கையில் கொடுப்பாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நீயும் கொல்லை வழியாகக் கிளம்பி வந்துவிடு. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். நான் அவளிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “இன்னாமே யோசிக்கற? நான் வித்த சரக்குதான. திருப்பி எடுத்தாறேன். இந்தத் தபா தவிடு வாணாம்” என்றாள். சைதாப்பேட்டைக்கு நான் போய்க்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் மாமன் எதிரில் நின்று, குறை என் வீட்டில், பெண்மேல் ஒரு சொல் விழக்கூடாது என்று சொல்வேன். அவர் என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். விதவையின் கை ராசி, பிள்ளை கல்யாணம் நின்றது என்று ஊர் பேசட்டும். எனக்கு வசவு புதிதில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு நீ ஒரு மூக்குத்தி செய்து கொடு. அவள் கேட்டது அதைத்தான். தாலியை அவள் உன்னிடம் கேட்கவில்லை.

வந்த பிறகு என்ன என்று கேட்பாய். தெரியாது. சித்தப்பா நம் வாசலை மிதிக்கமாட்டார். கடைக்காரன் வேலை கொடுக்காமல் போகலாம். சந்துப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள், முன்பு கத்தியதைவிட மோசமாகக் கத்துவார்கள். நான் எத்தனை நாள் இருப்பேன் என்றும் சொல்ல முடியாது. நல்லது நடக்கும் என்று உன்னை ஏமாற்றி அழைக்கவில்லை. இங்கே மத்தியானத்தில் சாத்துகிற ஒரு கதவு இருக்கிறது, உன் உயரத்துக்கு மாட்டிய கண்ணாடி இருக்கிறது, இடது பக்கம் தாழ்ந்திருந்தால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள். எமனிடம் அன்றைக்குச் சொன்னதை அம்மனிடம் மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. பெண் என்று சொன்னேன், பெண் என்றே இருக்கட்டும். நீ வேறு ஏதாவது சொல்வதானால் நீ சொல், கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா சொல்லி நான் சொல்லமாட்டேன்.

இதோடு துணியில் ஒரு சின்ன முடிச்சு வரும். உள்ளே வெள்ளி மணிகள். உன் மூத்தது தவழத் தொடங்கியபோது நைனா அதன் காலுக்கென்று செய்தது, கட்டிப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஆணோ பெண்ணோ, தவழ்கிற பிள்ளைக்குக் காலில் மணி கட்டாத வீடு இல்லை. தாய் அடுப்படியில் இருந்தாலும் பிள்ளை கிணற்றுப் பக்கம் போகிறதா, வாசல் பக்கம் போகிறதா என்று கேட்க வேண்டும் அல்லவா. நீ சத்தமில்லாத கொலுசு செய்தபோது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இப்போது அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் சந்து முனைக்கு வந்ததும் இந்த மணிகளை நூலால் அதில் கோத்துக்கொள், பிறகு பற்ற வைக்கலாம். வேட்டிக்குள் மறைக்காதே, கணுக்காலில் கட்டு. நாளைக்கு முழுதும் நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நீ எந்தப் பக்கம் நடக்கிறாய் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

உன்னைத் தவிட்டுக்கு வாங்கியவள்